மட்கார்டோடு ஓடும் பழைய ஹாட் ராடு: முன் ஆக்சில் எது?

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லேத் ஆபரேட்டர். அவருடைய கராஜில் 1931ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் ஏ கூபே ஒன்று ஜாக் மேல் நிற்கிறது. என்ஜின் தயார், பெயின்ட் தயார். முன் ஆக்சில் விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் கலிஃபோர்னியா வெயிலில் இரண்டு மாதம் வாதாடியிருப்போம். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் அந்த வண்டி, சேற்றைத் தாண்டுகிறவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்த மாதிரி உயரமாக நிற்கும். அன்றைய மண் சாலைகளுக்கு அது வேண்டியிருந்தது. பழைய காரை வேகத்துக்கும் தோரணைக்குமாக மாற்றி ஹாட் ராடு கட்டுகிறவருக்கோ வண்டியின் மூக்கு தாழ வேண்டும். இவருக்கு நான்கு மட்கார்டும் இருந்தபடியே தாழ வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நம்ம ஊர் லாரி ஒன்றின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே ஒரே இரும்புத் துண்டு போகும். நடுவில் தாழ்ந்து, இரு முனையிலும் மேலே வளைந்து, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில் போய் முடியும். 1948 வரை வந்த ஃபோர்டு கார்களிலும் முன்னால் இருந்தது இதே சமாச்சாரம்தான். லாரியில் பக்கத்துக்கு ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். ஃபோர்டில் ஆக்சிலோடு ஓடுகிற மாதிரி குறுக்கே ஒரே ஸ்பிரிங். அந்த முனைகளின் வளைவை இன்னும் கூட்டினால் சக்கரம் மேலே போகும், வண்டி கீழே இறங்கும். அதுதான் ட்ராப்டு ஆக்சில். 1940களில் சான் டியாகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் ஃபோர்டின் ஆக்சிலையே பழுக்கக் காய்ச்சி, இழுத்து வளைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கினார். 'ஆக்சில்' என்பதே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

மட்கார்டைக் கழற்றிப் போட்ட வண்டிக்குத் தேர்வு சுலபம். கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி மாட்டலாம், டயருக்கு மேலே வானம்தான் இருக்கிறது. மட்கார்டு இருந்தால் அப்படி இல்லை. எந்த ஆக்சில் என்பதை நீங்கள் முடிவு செய்வதற்கு முன்பே மட்கார்டு பாதியை முடிவு செய்துவிடுகிறது. அது தெரியாமல் கேட்டலாக்கைப் புரட்டினால் ஆக்சிலை இரண்டு தடவை வாங்க வேண்டிவரும்.

இறக்குவதற்கு மூன்று வழி

மூக்கை இறக்க ஆக்சில் ஒன்றுதான் வழி என்றில்லை. ஸ்பிரிங்கை மாற்றலாம். மெயின் பட்டையின் கண்ணை எதிர்ப்பக்கம் சுருட்டிய ஸ்பிரிங் கிடைக்கிறது, அதைப் போட்டால் ஒரு அங்குலமோ சற்றுக் கூடுதலாகவோ இறங்கும். பட்டைகள் சிலதை உருவிவிட்டாலும் இறங்கும். இரண்டாவது வழி டயர். மூன்றாவதுதான் ஆக்சில். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல் தெரியும். மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

ஸ்பிரிங்கை மாற்றினால் சேசிஸ் ஆக்சிலை நோக்கி இறங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் ஆக்சில் போய் சேசிஸில் இடிக்கிற இடம் பழைய இடம்தான். அதனால் டயர் முன்பு எவ்வளவு உயரம் ஏறியதோ அதற்கு மேல் ஏற வழியில்லை, மட்கார்டு பிழைத்தது. ஆனால் நடுவில் இருந்த இடைவெளி போய்விட்டதால் சின்னப் பள்ளத்துக்கே 'டக்' என்று இடிக்கும். உட்கார்ந்திருப்பவரின் முதுகு கணக்குச் சொல்லும்.

ஆக்சிலை மாற்றினால் நேர்மாறு. சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே இருக்கும், ஸ்பிரிங் முழு ஆட்டம் ஆடும், சவாரி கெடாது. ட்ராப்டு ஆக்சிலின் பெருமையே இதுதான். ஆனால் மூன்று அங்குல ட்ராப் என்றால், சக்கரம் ஏற்கெனவே மூன்று அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறது. முழுப் பள்ளத்தில் அது பழைய உச்சியைத் தாண்டி இன்னும் மூன்று அங்குலம் ஏறும். அங்கே மட்கார்டு இருக்கிறது.

டயர் மட்டும்தான் இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை. 1930, 31 மாடல் ஏக்கு வந்தது 4.75-19 டயர், குறுக்களவு ஏறக்குறைய 28½ அங்குலம். அதை எடுத்துவிட்டு 15 அங்குல ரிம்மில் 165ஆர்15 போட்டால் குறுக்களவு 25½ அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். பாதி வித்தியாசம் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. வண்டி அவ்வளவு இறங்குகிறது. டயரின் உச்சி மட்கார்டிலிருந்து அதே அளவு விலகவும் செய்கிறது. ஆக, மட்கார்டு உள்ள வண்டியில் ஆக்சிலைத் தொடுவதற்கு முன் டயரை முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ள மூன்று வாரம் ஆனது. அவருக்குப் பெரிய 16 அங்குல டயர் மேல் ஒரு கண்.

எத்தனை அங்குலம்?

கடையில் 'நாலு இஞ்ச் ட்ராப்' என்று சொல்வார்கள். நாலு எங்கிருந்து? ஃபோர்டின் அசல் ஆக்சிலே நேர்க்கோடு அல்ல, அதிலும் முனைகள் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் பலர் நேரான கோட்டிலிருந்து கணக்கு வைக்கிறார்கள். பழைய ஆக்சிலை வளைத்துக் கொடுப்பவர்களில் சிலர் அசலுக்கு மேல் எவ்வளவு என்று சொல்கிறார்கள். அதனால் புதிய நாலு அங்குல ஆக்சிலை மாட்டிவிட்டு, வண்டி இரண்டு சொச்சம்தான் இறங்கியது என்று ஏமாந்தவர்கள் உண்டு. எதிர்பாராமல் கூடுதலாக இறங்கி மட்கார்டை நசுக்கியவர்களும் உண்டு. விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அசல் ஆக்சிலை எடுத்துவிட்டு இதைப் போட்டால் சக்கர மையம் எவ்வளவு உயரும்? பதில் வராவிட்டால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு தாங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஸ்பிரிங்கை முழுசாகக் கழற்றுங்கள். போடப்போகிற டயரை மாட்டி, ஆக்சில் சேசிஸில் முட்டும்வரை ஜாக்கால் தூக்குங்கள். டயர் உச்சிக்கும் மட்கார்டின் அடிப்பகுதிக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதில் அரை அங்குலம் கழித்தால் வருவதுதான் உங்கள் உச்சவரம்பு. அந்த கூபேயில் எங்களுக்குக் கிடைத்த இடைவெளி நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அசலுக்கு மேல் நாலு அங்குலம் வேண்டும் என்று அவர் கண்ட கனவு அந்தச் சனிக்கிழமை மதியம் முடிந்தது. மூன்றுதான் என்று ஆனது.

மூன்று என்று சொல்லிவிட்டு வளைத்துப் போட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இரண்டு சக்கரத்தின் ஸ்டீயரிங் கைகளையும் இணைக்கும் டை ராடு, முன்பு ஆக்சிலைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் விஷ்போன் கம்பிக்கு அடியில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் மேலே போனதும் அதுவும் கூடவே ஏறி விஷ்போனில் இடிக்கும். அதனால் ஸ்டீயரிங் கைகளையும் கீழே வளைத்தாக வேண்டும், அல்லது வளைத்தே வருகிற கைகளை வாங்க வேண்டும். பட்ஜெட் போடும்போது பலரும் மறப்பது இந்தச் செலவைத்தான்.

அப்புறம் காஸ்டர். கிங்பின்னின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் வண்டி நேராக ஓடுகிறது. மாடல் ஏயில் இது 5 டிகிரி அளவில் இருக்கும். அந்த வண்டியின் வீல்பேஸ் 103½ அங்குலம். பின்பக்கத்தைத் தொடாமல், ஆக்சிலும் டயருமாகச் சேர்ந்து மூக்கை நாலரை அங்குலம் இறக்கினால், வண்டி மொத்தமும் ஏறக்குறைய இரண்டரை டிகிரி முன்னால் குனிகிறது. காஸ்டரில் பாதி போச்சு. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் வீல் கையில் அலையும். மூக்கு தாழ்ந்து பிட்டம் தூக்கிய அந்த நிலைதான் ஹாட் ராடின் அழகே. அதற்கு விலையாக விஷ்போனின் பின்முனையைத் தகுந்தபடி இறக்கிப் பொருத்தி, காஸ்டரை மறுபடி 5 முதல் 7 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும்.

அகலம்

மட்கார்டு இல்லாதவர்கள் கவலைப்படாத இன்னொரு அளவு இது. புதிய ஆக்சில்கள் கிங்பின்னுக்குக் கிங்பின் 46, 47, 48 அங்குலம் என்று அசலைவிடக் குறுகலாகக் கிடைக்கின்றன. ஏன் குறுக்கினார்கள்? டிஸ்க் பிரேக் கிட்டுகள் பலவும் சக்கரத்தைப் பக்கத்துக்கு அரை அங்குலமோ அதற்கு மேலோ வெளியே தள்ளும். மட்கார்டு இல்லாவிட்டால் அது கண்ணில் படாது. இருந்தால், திருப்பத்தில் டயரின் வெளித்தோள் மட்கார்டின் உதட்டைக் கத்தரிக்கும்.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே குறுகலானதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. சக்கரம் உள்ளே வர வர, முழுத் திருப்பத்தில் டயர் விஷ்போனிலோ சேசிஸிலோ போய் உரசும். வெளியே மட்கார்டு, உள்ளே கம்பி, நடுவில் டயர், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. யு-டர்ன் போட மூன்று தடவை முன்னும் பின்னும் போகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பிரேக் போடுபவருக்கே குறுகல் ஆக்சில். ஃபோர்டின் ட்ரம் பிரேக்கிலேயே இருக்கப்போகிறவர் அசல் அகலத்தை விட்டு நகராதிருப்பது நல்லது. 1939இல்தான் ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. 1940 வண்டியின் ட்ரம்களை மாடல் ஏயில் போடுவது பழைய பழக்கம், அழகும் கெடாது.

அகலத்தை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிங்பின் நேராக நிற்பதில்லை, மேல்முனை உள்பக்கமாக 8 டிகிரி சாய்ந்திருக்கும். மேலே அளந்தால் ஒரு எண், கீழே அளந்தால் வேறு எண். இரண்டு ஆக்சிலையும் ஒரே இடத்தில் அளக்காவிட்டால் கணக்கு பக்கத்துக்குக் கால் அங்குலம் தப்பும்.

அடித்ததா, வார்த்ததா, குழாயா?

சந்தையில் மூன்று சாதி. ஃபோர்டின் அசல் ஐ-பீமை, அதாவது குறுக்கே வெட்டினால் ஐ எழுத்து மாதிரி தெரிகிற இரும்பை, வளைத்தது ஒன்று. புதிதாக வார்த்த, அல்லது காய்ச்சி அடித்து உருவாக்கிய ஐ-பீம் இரண்டாவது. குழாய் ஆக்சில் மூன்றாவது. எது உறுதி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முதல் கேள்வியே இல்லை. ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது எது என்பதுதான் முதல் கேள்வி.

ஃபோர்டு கொடுத்த விஷ்போன், வி எழுத்து மாதிரி இரண்டு காலும் பின்னால் ஒரே குமிழில் சேரும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் மொத்தமும் அந்தக் குமிழில் சாய்ந்துகொள்ளும், யாருக்கும் வலிக்காது. பெரிய என்ஜினும் வேறு கியர்பாக்ஸும் வைக்கிறவர்கள் அந்த வியை நடுவில் அறுத்து, கால்களைத் தனித்தனியாகச் சேசிஸின் இரு பக்கமும் பொருத்துவார்கள். இப்போது இடது சக்கரம் கல்லில் ஏறினால் இடது முனை மட்டும் திரும்ப வேண்டும், வலது முனை திரும்பாது. ஈரத்துணியைப் பிழிவது போல ஆக்சிலைப் பிழிகிறது இந்த ஏற்பாடு.

ஐ-பீம் இந்த முறுக்கலுக்கு இசைந்து கொடுக்கும், திறந்த வெட்டுமுகத்தின் குணம் அது. குழாய் கொடுக்காது. முறுக்கலை எதிர்ப்பதில் குழாயைப் போல வேறொன்று இல்லை, அதனால்தான் என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டையே குழாயில் செய்கிறார்கள். குழாய் ஆக்சிலை அறுத்த விஷ்போனோடு பூட்டினால் முன்பக்கம் முழுவதும் இறுகிப்போகும். ஆக்சில் இசையாத இடத்தில் பிராக்கெட்டோ வெல்டோ ஒரு நாள் விரிசல் விடும். விஷ்போனுக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்றாகப் போடும் ஹேர்பின் கம்பிகளுக்கும் இதே கதைதான். குழாய்க்கு ஏற்ற ஜோடி ஃபோர்-பார். மேலும் கீழுமாக இணையான கம்பிகள் பிடித்திருப்பதால் சக்கரம் ஏறினாலும் ஆக்சிலின் முனை திரும்பாது, முறுக்கலே வராது.

1937இல் வந்த சின்ன வி8-60 என்ஜின் வண்டிகளுக்கு ஃபோர்டே குழாய் ஆக்சில் கொடுத்ததே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அறுக்காத விஷ்போனோடு கொடுத்தது. அதோடு 1935 முதல் ஃபோர்டு முன் ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலிருந்து ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்திவிட்டது. ஸ்பிரிங் மேலே உட்காரும் மாடல் ஏயில் அந்த ஆக்சிலை அப்படியே மாட்ட முடியாது.

வார்த்ததா அடித்ததா என்ற சண்டையில் என் கட்சி அடித்ததுதான், ஆனால் தலையை வெட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. நல்ல டக்டைல் இரும்பில் வார்த்த ஐ-பீம் ஒழுங்கான வண்டியில் வருடக்கணக்கில் ஓடும். விலையும் அகலமும் ட்ராப்பும் முன்கூட்டியே தெரியும் என்பது அதன் வசதி. ஃபோர்டின் அசல் இரும்புக்குச் சாதகம் வேறு. ஏதாவது மோதினால் அடித்த உருக்கு வளையும், சட்டென்று ஒடியாது. வளைந்ததைச் சரிசெய்யவும் ஆள் உண்டு. பழைய ஆள் இழுத்து வளைத்த ஆக்சிலில், கழுத்துப் பகுதி மெலிந்து போயிருப்பதே ஒரு அழகு. 1932ஆம் வருடத்து கனமான ஆக்சிலுக்கு இங்கே தனி மவுசு இருக்கிறது, அதற்கேற்ற விலையும் இருக்கிறது. ஆனால் விஷ்போன் போய்க் கவ்வும் இடத்தின் தடிமன் வருடத்துக்கு வருடம் 2 அங்குலம், 2¼ அங்குலம் என்று மாறும். உங்கள் விஷ்போனின் வாயை அளக்காமல் ஆக்சிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பழையதில் ஆபத்தும் உண்டு, அனுபவித்துச் சொல்கிறேன். ஒரு பழைய பொருள் சந்தையில் கறுப்புப் பெயின்ட் பளபளக்க ஒரு ட்ராப்டு ஆக்சில் கிடைத்தது. விலையும் பரவாயில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பெயின்டைச் சுரண்டினோம். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு தெரிந்தது. முதலில் கீறல் என்று நினைத்தோம். ஒரு மெஷின் ஷாப்பில் மேக்னாஃப்ளக்ஸ் சோதனைக்குக் கொடுத்தோம். காந்தம் ஏற்றி இரும்புத் தூளைத் தூவியதும், அந்தக் கோட்டின் மேல் எறும்புச் சாரி போல் தூள் வரிசை கட்டி நின்றது. எப்போதோ யாரோ அறுத்து, வளைத்து, வெல்டு வைத்து, கிரைண்டரால் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். விற்றவரை அப்புறம் எங்கே தேடுவது? அந்த ஆக்சில் இப்போது கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. பழைய ஆக்சில் என்றால் பெயின்ட் இல்லாமல்தான் வாங்க வேண்டும், சோதித்த பிறகுதான் வளைக்கக் கொடுக்க வேண்டும்.

ஐ-பீமின் நடுவில் வரிசையாக ஓட்டை போடுவதும் குரோம் பூசுவதும் இன்னும் சிலருக்கு ஆசை. வார்த்த ஆக்சிலில் ஓட்டை போடவே வேண்டாம். குரோம் குளியலில் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். பூசி முடித்த கையோடு அடுப்பில் சூடேற்றி அதை வெளியேற்றத் தெரிந்த பட்டறையாக இருந்தால் மட்டும் கொடுங்கள். எப்படியும் மட்கார்டு உள்ள வண்டியில் ஆக்சிலின் பாதி நிழலில்தான் கிடக்கப்போகிறது. அந்தப் பணத்தில் நல்ல கிங்பின் செட்டும் புஷ்ஷும் வாங்கலாம்.

கடைசியில் எதை எடுத்தோம்

டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிற வண்டி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். ஃபோர்-பாரும் 46 அல்லது 47 அங்குலக் குழாய் ஆக்சிலும். செவர்லே வேகா காரின் ஸ்டீயரிங் பாக்ஸை வைத்து ஸ்டீயரிங் கம்பியைக் குறுக்கே ஓட்டினால், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஒரு பேன்ஹார்ட் பாரும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் முனையைத் தொங்கவிடும் ஷேக்கிளில் ஆக்சில் பக்கவாட்டில் ஆடும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பழைய முகம் வேண்டும், கையில் நல்ல பழைய ஆக்சில் கிடைக்கவில்லை என்பவருக்கு, அகலத்தைப் பார்த்து வாங்கிய புதிய ஐ-பீம் போதும். அறுத்த விஷ்போன் வைத்திருப்பவருக்கு ஐ-பீம் தவிர வேறு பேச்சே கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அறுத்த விஷ்போனும் 1940 ட்ரம்களும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே கூபேயின் சொந்த ஆக்சிலையே சோதனைக்கு அனுப்பி, விரிசல் இல்லை என்று வந்ததும், இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் அசலுக்கு மேல் மூன்று அங்குலம் வளைக்கக் கொடுத்தோம். வீட்டில் கேஸ் டார்ச் வைத்து முயலும் வேலை இல்லை இது. கிங்பின் சாய்வு ஒரு டிகிரி பிசகினால் டயர் தேய்மானத்தில் காட்டிக்கொடுக்கும்.

திரும்பி வந்ததை மாட்டி, மட்கார்டின் அடியில் எலுமிச்சை அளவில் களிமண் உருண்டைகளை ஒட்டினோம். குழந்தைகள் விளையாடுகிற களிமண்தான், பச்சை நிறம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை முட்டும்வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பினார் அவர். நான் டார்ச்சோடு அடியில் படுத்திருந்தேன். உச்சியில் இருந்த உருண்டைகள் முக்கால் அங்குலத் தடிமனுக்கு நசுங்கியிருந்தன, அது போதும். முன் மூலையில் மட்டும் ஒரு உருண்டை அப்பளமாகியிருந்தது. அதன் நடுவே மட்கார்டு பிராக்கெட்டின் போல்ட் முனை எட்டிப் பார்த்தது, டயரின் ரப்பரில் அதன் மறை பதிந்திருந்தது. அசல் போல்ட்டைவிட அரை அங்குலம் நீளமான போல்ட்டை எப்போதோ யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றி, தட்டைத் தலையை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு, மறுபடி களிமண் ஒட்டித் திருப்பினோம். இந்தத் தடவை விரல் நுழைந்தது.